பொறாமைக்காரியின் டியூட்டி

உங்கள் யூனிட்டுக்கு வெளிநாட்டிலிருந்து இன்னொரு பிள்ளை வரப்போகிறாள் என்று சொன்னீர்கள். சம்பளம் வாங்காமல் ஒரு வருடம் நம்மோடு தங்கி, படுக்கையில் கிடப்பவர்களை வீடு வீடாகப் பார்க்க வரப்போகிறவள். அவளை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று, வீட்டுப் பராமரிப்பு நர்ஸாகக் காலத்தைக் கழித்தவள் என்ற முறையில், எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். கொசுவலை, வெந்நீர், மின்விசிறி ஓடுகிற அறை இதையெல்லாம் நீங்களே செய்துவிடுவீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. உங்களில் யாராவது ஒருத்திக்கு அவள்மேல் பொறாமை வரும். கண்டிப்பாக வரும். அப்படிப் பொறாமை வந்தவளைத் திட்டி அடக்கிவிடாதீர்கள்.

நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. அக்கா இன்னும் மாறவில்லை என்று ஒருத்தி சொல்லியும் இருப்பாள். மாறவில்லைதான். மாற வேண்டிய அவசியமும் எனக்கு ஏற்படவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் வந்தவள் ஹன்னா. ஜெர்மனிக்காரி. எங்கள் பக்கத்து வேதக்காரர்களுக்கு, அதாவது கிறிஸ்தவர்களுக்கு, அது அன்னாள். வந்த அன்றே பெயர் மாற்றிவிட்டார்கள். தலையில் அகலத் தொப்பி, முகத்தில் வெள்ளை கிரீம், காலில் கயிறு கட்டிய ஷூ, தோளில் பெரிய தண்ணீர் பாட்டில். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்ப்பதற்குள் நான் உள்ளே போய் நோயாளிக்குப் பிரஷர் பார்த்து முடித்திருப்பேன்.

அந்த முதல் சில வாரங்களில் எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. மறைக்காமல் சொல்கிறேன். ஆரல்வாய்மொழி பக்கம் காற்று அடிக்க ஆரம்பித்திருந்த நேரம். அவள் அறை ஜன்னல் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். தூங்காமல் கண் வீங்கி வருவாள். சாம்பார் காரம், கழிப்பறை வேறு மாதிரி, வீட்டு நினைப்பு. வேனில் என் தோளில் சாய்ந்து அழுதாள். என் வீட்டிலிருந்து போர்வை கொண்டுபோய்க் கொடுத்தேன். தயிர்ச்சாதம் கட்டிக் கொடுத்தேன். அழுகிற பிள்ளைமேல் யாருக்குப் பொறாமை வரும்? அவள் அழுகையை நிறுத்தினாள் பாருங்கள், அப்போது ஆரம்பித்தது எனக்கு.

ஓணத்துக்குள் அவள் மினிபஸ்ஸில் தனியாக அஞ்சுகிராமம் போய்வரப் பழகிவிட்டாள். சாளை மீனுக்குப் பேரம் பேசினாள். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு பேச்சு முடிந்தால் கடைசியில் "கேட்டியளா" என்று சேர்த்துக்கொள்ளப் படித்துவிட்டாள். கேட்ட வீட்டில் எல்லாம் கைகொட்டிச் சிரிப்பு. நானும் பிறந்ததிலிருந்து "கேட்டியளா" சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு யாரும் கைதட்டியதில்லை.

ஞானப்பழத்தைப் பற்றிச் சொன்னால்தான் மீதி விளங்கும். தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர். கிட்டத்தட்ட என் வயதுதான். வாய் மட்டும் பத்துப் பேருக்கு உள்ளது. அவருடைய படுக்கைப் புண்ணை வருடக்கணக்காகச் சுத்தம் செய்து மருந்து வைத்து ஆற்றியவள் நான். ஆறும், மறுபடி வரும், மறுபடி ஆற்றுவேன். அவர் மனைவி லீலாபாய்க்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது அவரைப் புரட்டிப் படுக்க வைக்க ஒரு மாதம் போல ஞாயிற்றுக்கிழமைகளிலும் போனேன். இவ்வளவுக்கும் நான் அந்த வீட்டில் "சிஸ்டர்". அவ்வளவுதான். ஹன்னா வந்த இரண்டாவது மாதமே "மக்களே" ஆகிவிட்டாள். எங்கள் பக்கத்தில் சொந்தப் பிள்ளையாக நினைப்பவளைத்தான், ஒருத்தியாக இருந்தாலும், அப்படி வாயாரக் கூப்பிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

நம் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு: நோயாளி வீட்டில் கை நனைக்கக் கூடாது. ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டில் மறுத்தால் மனத்தாங்கல். இல்லாத வீட்டில் நமக்காக அடுப்பு மூட்டினால் பாவம். தண்ணீர் எந்த வீட்டில் எப்படி இருக்கும் என்றும் சொல்ல முடியாது. அதனால் எங்குமே வேண்டாம் என்று எனக்கு முதலில் வேலை சொல்லிக்கொடுத்த பெரிய நர்ஸம்மா கறாராகச் சொல்லியிருந்தார். நானும் அதை விடாமல் பிடித்து நின்றேன். அதனால் எனக்குக் கர்வக்காரி என்ற பெயர்தான் கிடைத்தது, எங்கள் பேச்சில் "கொஞ்சம் கெறுவுதான்".

ஒருநாள் ஞானப்பழத்தின் வீட்டில் நான் புண்ணைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். ஹன்னா தன் பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

"அது என்ன மக்களே, எங்க கெணத்துத் தண்ணியக் குடிச்சா செத்தா போவ?" என்றார் அவர்.

லீலாபாய் உடனே ஒரு செம்பு தண்ணீரை நீட்டினாள். ஹன்னா என்னைப் பார்த்தாள். நான் தலையை லேசாக ஆட்டி வேண்டாம் என்றேன். அவள் செம்பை வாங்கி, அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டு, "கொள்ளாம், நல்லாருக்கு, கேட்டியளா" என்றாள்.

"இதாக்கும் பிள்ள!" என்று ஞானப்பழம் கட்டிலைத் தட்டினார். "இன்னா இருக்காங்கல்லா சிஸ்டரு. இத்தன வருசமாட்டு வாறாங்க. ஒரு மடக்கு வெள்ளம் குடிச்சிருக்காங்களா? நாங்க என்ன விசமா குடுக்கோம்?"

கையில் உறை, உறையில் சீழ். பஞ்சைக் கொஞ்சம் அழுத்தித் துடைத்தேன். அவருக்குத்தான் அங்கே உணர்வு கிடையாதே.

அந்த வாரத்திலிருந்து பாட்டில் காணாமல் போனது. பிறகு தொப்பி. பிறகு ஷூ, ஒரு ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டாள். போகிற வீட்டிலெல்லாம் தண்ணீர், சாயா, மரச்சீனிக் கிழங்கு, அதற்குச் சம்மந்தித் துவையல். ஒன்றையும் மறுக்க மாட்டாள். எங்கள் வாராந்திரக் கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன், அந்தப் பிள்ளையிடம் கொதித்த தண்ணீர் பாட்டில் இப்போது இல்லை, போகிற இடமெல்லாம் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறது என்று.

எங்கள் டிரஸ்டின் செயலாளர் சார் நல்ல மனிதர், சிரித்த முகம். "அக்காவுக்கு வயித்தெரிச்சல்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வேன் டிரைவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். ஹன்னாவும், பாதி புரிந்து, கூடச் சிரித்தாள்.

"ஆமா சார், வயித்தெரிச்சல்தான். இல்லன்னு சொல்லலையே. ஆனா பாட்டில் எங்க?" என்றேன்.

அதற்கும் சிரிப்பு. பொறாமைக்காரி என்று பெயர் வாங்கியவள் மழை வருகிறது என்று சொன்னாலும் யாரும் கொடியில் காயும் துணியை எடுக்க மாட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து வந்தது மஞ்சள். லீலாபாய் மஞ்சளைக் கல்லில் உரசி ஹன்னாவின் முகத்தில் பூசிக் குளிக்கச் சொல்லிக்கொடுத்தாள். வெயிலில் பொரிந்துபோன சருமத்துக்கு நல்லது என்று ஒரு டப்பா நிறையப் பொடியும் இடித்துக் கொடுத்தாள். மறுநாள் காலை அவள் மஞ்சள் முகத்தோடு வேனில் ஏறினாள். டிரைவரிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் பல் தெரிந்தது. "சரியான நாஞ்சில் நாட்டுப் பொம்பள ஆயிட்டா" என்று ஒரே கொண்டாட்டம். எனக்கு லீலாபாய் ஒரு துண்டு மஞ்சள் கொடுத்ததில்லை. அன்றைக்கு நான் அவள் முகத்தைப் பார்த்த பார்வையில் பால் இருந்தால் திரிந்திருக்கும்.

பார்த்தேன் என்றால் சும்மா இல்லை. காலையில் ஏறும்போது பார்ப்பேன், இறங்கும்போது பார்ப்பேன். எந்த வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாள், யார் என்ன கொடுத்தார்கள், எதைத் தின்றாள் எல்லாம் எனக்குத் தெரியும். அவள்மேல் பிரியம் வைத்தவர்கள் அவள் சிரிப்பைப் பார்த்தார்கள். நான் அவள் தட்டைப் பார்த்தேன்.

அப்படிப் பார்த்ததில்தான் ஒன்று கண்ணில் பட்டது. மீன் முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சுகிறவள், மத்தியானச் சாப்பாட்டில் பொரித்த மீனை எடுத்து டிரைவர் இலையில் வைத்தாள். "குடுக்க மனசுள்ள பிள்ள" என்று அவர் உருகினார். மறுநாளும் வைத்தாள். அதற்கு மறுநாள் எண்ணெய் வாசனைக்கே முகத்தைத் திருப்பினாள். கஞ்சியும் பயறும் போதும் என்றாள். நம்ம ஊர்க் கஞ்சி அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது என்றார்கள். வேனில் ஏறியதும் தூங்கினாள். நம்ம ஊர் மத்தியானத் தூக்கம் பழகிவிட்டது என்றார்கள். மெலிந்தாள். சுடிதார் இப்போதுதான் அழகாக இருக்கிறது என்றார்கள். அவளிடம் எது குறைந்தாலும் நம்ம ஊர் அதில் கூடுவதாக எல்லோருக்கும் ஒரு சந்தோஷம்.

நான் ஒருநாள் கேட்டேன். "ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல அக்கா. வெயிலு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னிடம் சொல்ல மாட்டாள். எதிராளியிடம் யார் சொல்வார்கள்?

இந்த நிலையில் எங்கள் சபையில் அசனம் வந்தது. வெளியூரிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: ஊர் முழுக்க அரிசியும் ஆடும் கொடுத்து, ஒரே பந்தலில் சாதி மதம் பார்க்காமல் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. எங்கள் சபையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. நம் நோயாளிகளில் உட்கார முடிந்தவர்களையும் சக்கர நாற்காலிக்காரர்களையும் வேனில் கொண்டுவந்து முதல் பந்தியில் உட்காரவைப்பார்கள். அவர்களுக்குச் சோறு விளம்புவது, அதாவது பரிமாறுவது, வருடாவருடம் நான். போதகர் ஜெபம் பண்ணி முடித்ததும் கடவம் என்கிற பெரிய ஓலைப் பெட்டியிலிருந்து தட்டால் கோரி முதல் இலையில் நான் வைத்தபிறகுதான் மற்ற பந்திகளுக்குச் சோறு நகரும். சபையில் எனக்கு இருந்த ஒரே மரியாதை அது.

சனிக்கிழமை சாயங்காலம் செயலாளர் சார் போனில் கூப்பிட்டார். ஞானப்பழம் ஆசைப்படுகிறாராம். இந்த வருடம் அன்னாள் விளம்பட்டுமே, அவள் ஊருக்குப் போய்விடுவாள், நீங்கள் இங்கேதானே இருப்பீர்கள் என்றார். "அதுக்கென்ன சார், தாராளமா" என்றேன். அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட்டேனா என்று எனக்கு நினைவில்லை. வீட்டில் யாரும் கேட்கத் துணியவில்லை.

மறுநாள் பந்தலில் நல்ல கூட்டம். ஹன்னா வேனில் நோயாளிகளோடு வந்து இறங்கி, நேராக முதல் வரிசைக்கு வந்துவிட்டாள். லீலாபாய் கொடுத்த கசவுச் சேலை, தலையில் பிச்சிப்பூ, முகத்தில் மஞ்சள். வரிசையில் ஞானப்பழம் முதல் இலை. அவருக்கு அடுத்து, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா. அதற்கு அடுத்து சிறுநீரகம் கெட்டவர். உடம்பில் எதிர்த்து நிற்க ஒன்றும் மிச்சமில்லாதவர்கள்தான் அந்த வரிசை முழுக்க.

போதகர் ஜெபத்தை ஆரம்பித்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. அந்தச் சேலையையும் பூவையும் கையில் பிடித்திருந்த தட்டையும் வயிறு எரியப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜெபம் நீண்டது. ஹன்னா கடவத்தின் விளிம்பைப் பிடித்தாள். தலை சுற்றியிருக்க வேண்டும். கண்ணைத் திறந்து மேலே பந்தலைப் பார்த்து மூச்சு வாங்கினாள்.

அவள் வெள்ளைவிழி மஞ்சளாக இருந்தது.

முகத்துக்கு மஞ்சள் பூசலாம். கண்ணுக்குள் யார் பூசுவார்கள்?

அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியது என்று சொல்கிறேன், இதுதான் நீங்கள் படிக்க வேண்டிய இடம். எனக்கு முதலில் என்மேல்தான் சந்தேகம் வந்தது. மஞ்சக்காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எனக்கு இருந்த எரிச்சலில் நான் எதை வேண்டுமானாலும் பார்ப்பேன். போதாததற்கு மேலே கட்டியிருந்தது மஞ்சள் தார்ப்பாய். வெயில் அதன் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. பந்தலே மஞ்சளாகத்தான் இருந்தது. அதே வெளிச்சத்தில் இன்னொரு கண்ணைப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள்! ஒரு ஜெபம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று நான் அவ்வளவு ஜெபித்தது கிடையாது.

"ஆமென்" என்றார்கள். ஞானப்பழம் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தார். அவர் கண் வெள்ளை. பக்கத்து அம்மாவின் கண் வெள்ளை. திரும்பி ஹன்னாவைப் பார்த்தேன். மஞ்சள். எண்ணெய் பிடிக்காமல் போனது, தூக்கம், மெலிவு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கை வழியாகச் சோற்றில் பரவுகிற வகையாக அது இருக்கலாம். அவள் தட்டைச் சோற்றுக்குள் இறக்கப் போனாள்.

மஞ்சக்காமாலை என்று நான் கத்தியிருக்கலாம். கத்தினால் பந்தல் கலைந்திருக்கும். அப்புறம் அவளை ஒரு வீட்டிலும் சேர்க்க மாட்டார்கள். நோயாளியின் நோயை ஊருக்குச் சொல்வது நம் வேலையும் அல்ல. அவள் காதில் மெதுவாகச் சொல்லவோ நேரம் இல்லை. யாராவது நம்பும்படி ஒரே ஒரு காரணம்தான் என் கையில் இருந்தது. அதை நான் மாதக்கணக்காக எல்லோர் முன்னாலும் சேர்த்து வைத்திருந்தேன்.

போய்த் தட்டைப் பிடுங்கினேன்.

"குடு."

"அக்கா?"

"மொத எலைக்கு நான்தான் விளம்புவேன். இத்தன வருசமும் நான்தான் விளம்பினேன். நேத்து வந்தவளுக்கு இங்க என்ன சோலி?"

போதகர் வேறு பக்கம் பார்த்தார். செயலாளர் சார் ஓடிவந்தார். "அக்கா, சபைக்கு முன்னால... நேத்து சரின்னு சொன்னியள்லா?"

"நேத்து சொன்னேன். இன்னைக்கு மனசு கேக்கல."

ஒருவரும் சந்தேகப்படவில்லை. ஹன்னாவின் கண் நிறைந்து வழிந்தது. நான் சோற்றைக் கோரி ஞானப்பழத்தின் இலையில் வைக்கப் போனேன். அவர் இரண்டு கையாலும் இலையை மடித்தார்.

"எனக்குச் சோறு வேண்டாம் சிஸ்டரே. ஒங்க கையால வேண்டாம்."

அவருடைய புண்ணைக் கழுவிய வருடங்கள் எல்லாம் அந்த மடித்த இலைக்கு முன்னால் வந்து நின்றன. சுருக்கென்று இருந்தது. நின்று வருத்தப்பட நேரமில்லை. தட்டைச் செயலாளர் சார் கையில் திணித்து, "நீங்க விளம்புங்க" என்றேன். ஹன்னாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனேன். தனக்கும் இல்லாமல் அவளுக்கும் இல்லாமல் ஆக்கிவிட்டாள், வைக்கோல்போர் நாய் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

எங்கள் சபைக் கோவிலின் பின்பக்கம் குழாயடியில் நல்ல வெயில். முகத்தைக் கழுவச் சொன்னேன். மஞ்சள் போனது; மஞ்சள் போகவில்லை. கீழ் இமையை இழுத்து மேலே பார்க்கச் சொன்னேன். பந்தலில் கண்டதைவிட மோசம்.

"யூரின் என்ன நெறம்?"

அழுதுகொண்டே சொன்னாள். "கறுப்பா, கட்டன் சாயா மாதிரி. தண்ணி கொறவாக் குடிக்கேன்னு நெனச்சேன் அக்கா."

"மாத்திர ஏதும் போடுதியா?"

பையிலிருந்து காய்ச்சல் மாத்திரை அட்டையை எடுத்தாள். பாதிக்குமேல் காலி. தினமும் போடுகிறாளாம், ஒரு வேளை விடாமல். கெட்டுப்போன ஈரலுக்கு அது எப்படிப்பட்ட மருந்து என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"ஏன் பிள்ள ஒருத்தர்ட்டயும் சொல்லல?"

"எல்லாரும் நல்லா செட்டாயிட்டா, நம்ம ஊரு பிள்ள ஆயிட்டான்னு சொன்னாங்க. எனக்கு அது ரொம்ப ஆசையா இருந்துச்சு. முடியலன்னு சொன்னா பழைய அழுகுற பிள்ளன்னு நெனப்பாங்க." பிறகு சட்டென்று என் கையைப் பிடித்தாள். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. "அக்கா, சோறு... நான் தொடலல்லா? அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

பாருங்கள், அந்த நேரத்திலும் அவள் தன்னைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது. நானாக இருந்தால் என் ஈரலைப் பற்றித்தான் முதலில் கேட்டிருப்பேன்.

அடுப்படிப் பக்கமோ கறி வெட்டுகிற இடத்துக்கோ அவள் போகவில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, வேனை எடுக்கச் சொன்னேன். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு வாரம் இதைப் போட்டிருந்தால் நாம் அவள் அப்பா அம்மாவுக்கு வேறு விதமாகப் போன் பண்ண வேண்டியிருந்திருக்கும்" என்றார். ஊரிலிருந்து புறப்படும்போது ஊசியெல்லாம் போட்டுக்கொண்டு வந்தவள்தான். இது அந்த ஊசிக்குள் அடங்காத வகை, தண்ணீரில் வந்தது. எந்த வீட்டுத் தண்ணீர் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லா வீட்டிலும் குடித்திருந்தாளே.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாள்களில் கூட இருந்தது நான்தான். அதற்காக என்னைப் புகழ வேண்டாம். கட்டில் அருகே உட்கார்ந்து, வருகிற கூட்டத்தைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தேன். கரும்புச் சாறு, மோர், இளநீர், வேதபுத்தகம், கீழாநெல்லிக் கட்டு. நான் கால் ஒடிந்து கிடந்தபோது எனக்கு ஒரு பன்ரொட்டி வந்தது.

இனி நடந்ததுதான் வேடிக்கை. காமாலை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தச் சோற்றுத் தட்டையும் இதையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கு வேறு கணக்கு சரியாக வந்தது. சபை நடுவில் அந்த நர்ஸ் எரிச்சலோடு பார்த்தாள். அன்றைக்கே பிள்ளை படுத்துவிட்டது. கண் பட்டுவிட்டது! என் கண்! லீலாபாய் ஆஸ்பத்திரிக்கே உப்பும் மிளகாயும் முடிந்து கொண்டுவந்து, வார்டில் என் முன்னாலேயே ஹன்னாவைச் சுற்றினாள். சுற்றிவிட்டு ஓரக்கண்ணால் என்னையும் பார்த்தாள்.

ஹன்னா எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்து உட்கார்ந்தாள். நான் விடவில்லை.

"என்னன்னு சொல்லுவ? ஒங்க தண்ணியக் குடிச்சு எனக்கு நோவு வந்துட்டு, அத ஒங்க எலைல வைக்கப் பாத்தேன்னா? பொறவு அந்த மனுசன் ஒனக்குத் தண்ணி தந்தத நெனச்சு நெனச்சே சாவாரு. பேசாமக் கெட."

"அப்பம் நீங்க?"

"எனக்குப் பழகிப்போச்சு."

உண்மையில் பழகவில்லை. ஞானப்பழம் பல மாதம் நான் போனால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். புண்ணைக் கழுவ அது வசதியாகத்தான் இருந்தது. எல்லா வீட்டிலும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லிக்கொண்டே போனோம்; அந்த வீட்டில் நாங்கள் ஹன்னா பெயரைச் சொன்னதால் லீலாபாய் செய்தாள், என் பெயரைச் சொல்லியிருந்தால் செய்திருக்க மாட்டாள். சேர்த்துப் பார்த்தவர் செயலாளர் சார் ஒருவர்தான். ஒருநாள் என் மேசைக்கு வந்தார். "அக்கா, அந்தப் பாட்டில்..." என்று ஆரம்பித்தார். அத்தோடு போய்விட்டார்.

ஹன்னா தேறினாள். மிச்ச மாதங்களைப் பாட்டிலோடு முடித்தாள். ஞானப்பழம் கேலி செய்தால், "டாக்டர் சொன்னாரு, கேட்டியளா" என்பாள். ஊருக்குப் போகும்போது முழு வீதியும் அழுதது. நானும் அழுதேன். போனால் போதும் என்ற எண்ணமும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது.

ஆகவே பிள்ளைகளே, புதியவள் வந்ததும் எல்லோரும் அவளைக் கொண்டாடுங்கள். ஊர் அவளை நம்ம பிள்ளை என்று சொல்லத் தொடங்கும்போது, அவள் அதற்காக எதையெல்லாம் கழற்றி வைத்தாள் என்று ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கட்டும். அந்த டியூட்டியை அவள்மேல் ரொம்பப் பிரியம் உள்ளவளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். உங்களில் யாருக்கு வயிறு எரிகிறதோ அவளுக்குக் கொடுங்கள்.

இப்போது நான் ஓய்வில் இருக்கிறேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஞானப்பழத்தின் வீட்டுக்கு ஒரு நடை போய்வருவேன். அந்த நேரம் பார்த்துத்தான் ஹன்னா அவருக்கு வீடியோவில் வருவாள். அவருக்குப் பனி காட்டுவாள், தன் நாயைக் காட்டுவாள், சமைத்த கஞ்சியைக் காட்டுவாள். லீலாபாய்க்குப் பாட்டுப் பாடுவாள். கடைசியில் "அக்கா இருக்காங்களா?" என்பாள். அவர் மனசில்லாமல் போனை என் பக்கம் திருப்புவார்.

என்னிடம் அவள் ஒன்றும் பேச மாட்டாள். போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்து, கீழ் இமையை விரலால் இழுத்து, மேலே பார்ப்பாள். வெள்ளை வெளேரென்று இருக்கும். நான் நன்றாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவேன். சிரித்துவிட்டு வைத்துவிடுவாள்.

போன வாரம் ஞானப்பழத்துக்குப் பொறுக்கவில்லை. போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது என்ன சிஸ்டரே, ஒங்களப் பாத்ததும் கண்ணக் காட்டுதா? எங்களுக்கு ஒரு நாளும் காட்டினதில்லையே?"

"அது எங்களுக்குள்ள" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். எத்தனையோ நாள் வேன் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். லீலாபாய் உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். செம்பு சுடச்சுட இருந்தது. வாங்கி, ஊதி, ஒரு மடக்குக் குடித்தேன்.